அடுப்பு எரியாத எண்ணெய்க்கடை

எங்கள் ஊரில் எல்லா வீட்டு அடுப்புக்கும் மண்ணெண்ணெய் அளந்த சென்னியப்பன், தன் வீட்டுக்குள் ஒரு தீக்குச்சி கிழிக்க மாட்டார். சொன்னால் சிரிப்பீர்கள். நாங்களும் முதலில் சிரித்தோம். பிறகு பழகிவிட்டது. பழகிய பின்னால் யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. ஊர் என்றால் அப்படித்தான்.

அவர் வீட்டுச் சுவரும் என் வீட்டுச் சுவரும் ஒன்று. புதுச்சத்திரத்துக்கு மேற்கே மண்ரோட்டில் வந்தால் எங்கள் வீதி. என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் தச்சுவேலை பார்த்தார். விடிய முதல் பஸ்ஸுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். பகல் முழுக்க எனக்குப் பேச்சுத்துணை பக்கத்து வீட்டுப் பாவாயியக்காள். அந்தப் பாவாயியின் புருசன்தான் சென்னியப்பன். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி ஊரார் பேசிய அளவுக்கு அவர்கள் இருவரும் பேசி நான் கேட்டதில்லை.

சென்னியப்பன் முதலில் லாரி டிரைவர். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போய்வந்த மனிதர். காக்கிச் சட்டையும் முறுக்கிய மீசையுமாக ஊருக்குள் வந்தால் பிள்ளைகள் பின்னால் ஓடும். ஆந்திராவில் ஒரு பாலத்தில் வண்டி சாய்ந்து இடது கால் நசுங்கிப் போனது. காலை எடுக்காமல் தப்பித்தார், ஆனால் முட்டிக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இனி வண்டி ஓட்ட முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார், லைசென்ஸும் போயிற்று. இருந்த மேட்டுக்காட்டு நிலமும் ஆஸ்பத்திரிச் செலவுக்கே கரைந்தது. ஒரு வருசம் வாசலில் கயிற்றுக்கட்டிலில் கிடந்தார். ரோட்டில் லாரி போனால் சத்தத்தை வைத்தே என்ன கியரில் போகிறது என்று முணுமுணுப்பார். அதைக் கேட்டுப் பாவாயி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

எழுபத்தைந்து வாக்கில் மண்ணெண்ணெய்க்குப் பெரிய தட்டுப்பாடு. ரேஷன் கார்டுக்கு இவ்வளவுதான் என்று வந்துவிட்டது. அதை வாங்கவும் புதுச்சத்திரம் வரை நடக்க வேண்டும், போனால் ‘நாளைக்கு வா’ என்பார்கள். அப்போதுதான் ஊர்ப் பெரியவர் சின்னண்ணன் ஒரு யோசனை சொன்னார். சென்னியப்பன் பேருக்கு ஒரு சில்லறை விற்பனை லைசென்ஸ் கேட்டால் ஊருக்கும் ஆச்சு, கால் போன மனுசனுக்கும் ஆச்சு. ஊரே கையெழுத்துப் போட்டது. தாலுகா ஆபீஸுக்குப் பல நடை நடந்து லைசென்ஸ் வந்து சேர்ந்தது.

அன்றைக்கு சென்னியப்பனைப் பார்க்க வேண்டுமே! சவரம் செய்து, பழைய காக்கிச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு, லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். “ஒரு லைசென்ஸு போச்சு, இன்னொண்ணு வந்துருச்சுங் அம்முணி” என்று என்னிடம் சொன்னபோது கண் கலங்கியது. அந்தக் கலக்கத்தில்தான் எல்லாம் தொடங்கிற்று என்று இப்போது நினைக்கிறேன். போன ஒன்று திரும்பக் கிடைத்தவனுக்கு அது மறுபடி போய்விடுமோ என்ற பயம் மற்றவர்களைவிட அதிகம்.

லைசென்ஸோடு நிபந்தனைகளும் வந்தன. சரக்கு வைக்கும் இடம் ஓட்டுக் கட்டடமோ காரைக் கட்டடமோ இருக்க வேண்டும், ஓலை கூடாது. மணல் நிரப்பிய வாளிகள் தயாராக இருக்க வேண்டும். இருப்பும் விலையும் எழுதிய பலகை வாசலில் தொங்க வேண்டும். லைசென்ஸ்காரர்தான் அளக்க வேண்டும், இன்னொருவர் கையில் கடையைக் கொடுக்கக் கூடாது. அனுமதியில்லாமல் இடம் மாற்றக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சரக்கு இருக்கும் கட்டடத்துக்குள் தீ கூடாது.

அவர் வீடு முன்னறை ஒன்று, உள்ளறை ஒன்று. முன்னறையில் பேரல்களை நிறுத்தினார்கள். உள்ளறையில் குடித்தனம். அடுப்பு கொல்லைப்புறத்தில் ஓலைச் சாய்ப்பில் இருந்தது. முதலில் வந்த அதிகாரி நல்ல மனிதர், சாய்ப்பைப் பிரித்துவிடச் சொன்னார். பிரித்தார்கள். பாவாயி வெட்டவெளியில் மூன்று கல்லைக் கூட்டிச் சமைத்தாள். காற்று மேற்கே அடித்தால் புகை முன்னறைக்குள் போகும், சென்னியப்பன் பதறிக்கொண்டு நொண்டி நொண்டி ஓடிவருவார். ஐப்பசி மழையில் அடுப்பு பற்றவே இல்லை. கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள்.

“எங்கண்ணன் ஊடு பக்கத்து வீதிதானுங்களே. அங்க ஆக்கி எடுத்துட்டு வந்தர்றேன். அண்ணன் என்ன வேண்டாம்னா சொல்லப் போறாரு?”

அண்ணன் மணியன் வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல கிணறும் நாலு மாடும் உள்ள மனிதர், தங்கைமேல் உயிர். அன்றிலிருந்து பாவாயி அங்கே போய்ச் சமைத்து, மூடி போட்ட தூக்குப்போசியில் சோறும் குழம்பும் கொண்டுவந்து புருசனோடு சேர்ந்து சாப்பிடுவாள். புது மணப்பெண் மாதிரி வீதியில் போசியோடு போய்வருகிறாள் என்று நான்கூடக் கேலி செய்திருக்கிறேன்.

வீட்டில் மிச்சம் இருந்த தீ, உள்ளறை மாடத்தில் பொழுது சாய ஏற்றும் விளக்கு ஒன்றுதான். பாவாயி கல்யாணத்தில் பொறந்த வீட்டுச் சீராகக் கொண்டுவந்த பித்தளை விளக்கு. அதைக்கூட ஏற்ற வேண்டாம் என்றுதான் சென்னியப்பன் முதலில் சொன்னார். பாவாயி கேட்கவில்லை. “வெளக்கு வெக்காத ஊட்டுல மனுசன் குடியிருப்பானாங்க?” என்றாள். அதனால் தினமும் கொஞ்ச நேரம் விளக்கு எரியும். அதை அணைக்கும் வரை அவர் மணல் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காவல் உட்கார்ந்திருப்பார். வாளியை மடியில் வைத்துக்கொள்ளாததுதான் பாக்கி.

விளக்கை அணைத்த பிறகு வீடு இருட்டு. கரண்டு இணைப்பு எங்கள் வீதிக்கே பிந்தித்தான் வந்தது. வந்த பிறகும், பொறி பறக்கும் என்று பயந்து அவர் வாங்கவில்லை. ஒரு டார்ச் லைட்தான். அந்த இருட்டில் இருவரும் பேசிக்கொண்டு கிடப்பார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குச் சொல் விளங்காது, குரல் கேட்கும். அவர் ஏதோ ஊர்க் கதை சொல்வார், எந்த ஊரில் எந்தச் சோறு தின்றார் என்று. பாவாயி சிரிப்பாள். பகலில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் அசந்து தூங்கும்போது, அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்ததுண்டு.

இப்படி ஒரு வருசத்துக்கு மேல் ஓடியது. அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது.

மாரியாத்தா கோயில் நோம்பிக்கு முந்தின வாரம். கடைக்கு முன்னால் கேனும் டின்னுமாகப் பெரிய வரிசை. நானும் நின்றிருந்தேன். பாவாயி பேரலில் கை பம்ப்பைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தாள், சென்னியப்பன் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார். ஜீப் வந்து நின்றது. புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி, வேறு ஜில்லாக்காரர். வாளியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. அப்படியே உள்ளறையை எட்டிப் பார்த்தவர் மாடத்தில் இருந்த கரியைக் கண்டுவிட்டார்.

“என்னய்யா இது, விளக்கு வைக்கிறியா? பேரலை வச்சுக்கிட்டு விளக்கா? ஊரையே கொளுத்தணுமா? லைசென்ஸைக் கேன்சல் பண்ணிட்டுத்தான் மறுவேலை” என்றார்.

கேன்சல் என்ற சொல் விழுந்ததும் சென்னியப்பன் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் பார்த்தேன். அளந்துகொண்டிருந்த குவளையை அப்படியே கீழே வைத்தார். ஏதாவது உடனே செய்து காட்ட வேண்டும் என்ற அவசரம். பாவாயி பக்கம் திரும்பி, வீதியே கேட்கக் கத்தினார்.

“பாத்துட்டு நிக்கறயே! அந்த வெளக்க எடுத்துக்கிட்டு உங்கண்ணன் ஊட்டுக்குப் போ!”

எங்கள் பக்கம் வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து ஒரு பிடி உப்பைக்கூட வெளியே தரமாட்டோம். மருமகள் கொண்டுவந்த விளக்கை அவளே எடுத்துக்கொண்டு பொறந்த வீட்டுக்குப் போவதென்றால், அந்தக் குடித்தனம் அத்தோடு முடிந்தது என்று பொருள். தீர்த்துவிட்டுப் போகிறவள்தான் விளக்கோடு போவாள். அந்த அதிகாரிக்கு இதெல்லாம் தெரிய நியாயமில்லை. வேறு சீமைக்காரர், தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஆனால் சென்னியப்பன் இந்த மண்ணில் பிறந்தவர். பயம் வந்தால் மனுசன் பிறந்த மண்ணையும் மறந்துவிடுவான் போலிருக்கிறது.

பாவாயி பம்ப்பை நிறுத்தினாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். உள்ளே போய் விளக்கை எடுத்தாள். எங்கள் வரிசையைத் தாண்டித்தான் போக வேண்டும், எல்லாரும் விலகி வழிவிட்டோம். ஒருத்தியாவது கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். ஒருத்திக்கும் தோன்றவில்லை.

அன்று மத்தியானம் அவள் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். கையில் அதே தூக்குப்போசி.

“அவியளுக்குக் குடுத்துரு வசந்தா. சூட்டோட சாப்படச் சொல்லு.”

“நீங்களே போய்க் குடுங்கக்கா. ரெண்டெட்டுத்தானே?”

“அவிய போன்னுட்டாங்க. வான்னு சொல்லட்டும், போறேன்.”

நியாயமான பேச்சு. நான் போசியைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்து, இந்தா பாருங்கண்ணா, அக்கா இப்படிச் சொல்கிறாள், போய் ஒரு வார்த்தை கூப்பிட்டுக்கொண்டு வாருங்கள் என்றேன். அவர் தலை குனிந்து சாப்பிட்டார். “கூப்புடறேன் அம்முணி. ஒரு ஏற்பாடு ஆகட்டும்” என்றார்.

பெரியவர் சின்னண்ணனும் வந்து சொல்லிப் பார்த்தார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய் பழம் வைத்து, கட்டுக்கழுத்தியான சுமங்கலி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போய் அழைத்தால் போதும், பழசு தீர்ந்துவிடும், அதுதான் முறை. அவரிடமும் சென்னியப்பன் அதையே சொன்னார். ஒரு ஏற்பாடு ஆகட்டும்.

அவர் சொன்ன ஏற்பாடு, சரக்குக்கு ஒரு தனிக் கிடங்கு. அதற்கு அவர் அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு இடம் கேட்டார், பிள்ளைகள் இருக்கிற இடம் என்றார்கள். களத்து மேட்டில் கேட்டார், வைக்கோல் போர் இருக்கிறது என்றார்கள். கோயிலுக்குக் கிழக்கே கேட்டார், சாமி குத்தம் என்றார்கள். எல்லாருக்கும் மண்ணெண்ணெய் வேண்டும், ஒருத்தருக்கும் பேரல் பக்கத்தில் வேண்டாம். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டு நிலம் தர ஒருவர் சம்மதித்தார். இடமாற்றத்துக்கு மனுக் கொடுத்தால், அவ்வளவு தூரத்தில் இருந்தால் கார்டுதாரர்களுக்குச் சிரமம் என்று ஆபீஸில் தள்ளிவிட்டார்கள். வருசங்கள் இப்படித்தான் போயின.

போசி மட்டும் நிற்கவில்லை. தினமும் மத்தியானம் பாவாயி என் வாசலுக்குக் கொண்டுவருவாள், நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். சாயங்காலம் அவர் கழுவித் துடைத்து என்னிடம் தருவார், நான் மறுநாள் அவளிடம் தருவேன். ராச்சோற்றுக்கும் அதிலேயே கொஞ்சம் எடுத்து வைத்து, ஆறிப்போனதைத் தின்பார். நடுவில் எனக்கே கோபம் வந்துவிடும். “நான் என்ன உங்க ரெண்டு பேத்துக்கும் தபால்காரியா? ஒரு வீதி நடக்க முடியாதா உங்களுக்கு?” என்று இரண்டு பேரையும் திட்டியிருக்கிறேன். அவர் சிரிப்பார். அவள் சிரிக்கமாட்டாள். ஆனால் குழம்பில் அவருக்குப் பிடிக்காத கத்தரிக்காய் ஒரு நாளும் இருந்ததில்லை.

கடையில் கூட்டம் இருக்கும், ஆனால் துணை இருக்காது. சரக்கு வந்த இரண்டு நாள் சந்தை மாதிரி இருக்கும். அளந்து முடித்தால் ஈ காக்கை இருக்காது. எங்கள் ஊர் ஆண்கள் உட்கார்ந்து பேச வேண்டுமென்றால் பீடி வேண்டும். பீடி பற்ற வைக்க முடியாத இடத்தில் எவன் உட்காருவான்? எண்ணெய் வாடை வேறு. அவர் சட்டையில், தலையில், கைரேகையில் எல்லாம் அந்த வாடை ஏறிவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தியில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் கொஞ்சம் தள்ளி உட்காருவார். அது தெரிந்து அவர் கல்யாணங்களுக்குப் போவதையே விட்டுவிட்டார். பொழுது சாய்ந்தால் வாசற்படியில் டார்ச்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ரோட்டில் லாரி போனால் தலையைத் திருப்பிப் பார்ப்பார், கியரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நான் படுத்தால் அந்தப் பக்கம் இருமல் மட்டும் கேட்கும்.

கார்த்திகை தீபத்தன்று வீதி முழுக்க விளக்கு எரியும்போது அவர் வீடு மட்டும் பல் விழுந்த இடம் மாதிரி இருட்டாக இருக்கும். அன்று அவர் மெதுவாக நடந்து வீதிமுனை வரை போவார். அங்கிருந்து பார்த்தால் மணியன் வீட்டு வாசல் தெரியும். பாவாயி வரிசையாக அகல் வைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். யாராவது வந்தால், சும்மா காற்றாட வந்தேன் என்பார். கார்த்திகைக் குளிரில் என்ன காற்று வேண்டிக்கிடக்கிறது?

ஒவ்வொரு வருசமும் லைசென்ஸ் புதுப்பிக்கும் நேரம் வரும். “இந்த வருசத்தோட உட்டர்லாம்னு இருக்கேன் அம்முணி” என்று தொடங்குவார். விடுங்கள், உட்கார்ந்து செய்யும் வேலை நாமக்கல்லில் எவ்வளவோ இருக்கிறது, என் வீட்டுக்காரரே பட்டறையில் சொல்லிப் பார்ப்பார் என்பேன். மறுநாள் காலையில் பார்த்தால் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பார். ஒரு முறை நான் விடாமல் கேட்டதற்கு, “இதையும் உட்டுட்டா நான் ஆருங்க?” என்று திருப்பிக் கேட்டார்.

எண்பதுகளில் மழை பொய்த்து மணியன் கிணறு வற்றியது. ஆழப்படுத்திப் பார்த்தார், ரிக் வண்டி வைத்து ஆழ்துளைப் போரும் போட்டார், தண்ணீருக்குப் பதில் புழுதிப் புகைதான் வந்தது. மாடுகளை விற்றார். இளம்பிள்ளை என்ற ஊரில் அவர் மச்சினன் தறி போட்டிருந்தான். கூட்டுச் சேர்ந்து நடத்தலாம் என்று கூப்பிட்டான். மணியன் குடும்பத்தோடு போவதாக முடிவாயிற்று. மணியன் மகளைப் பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்தவள் பாவாயி. தங்கையை விட்டுவிட்டுப் போவாரா? அவளும் போகிறாள் என்றார்கள்.

அன்று போசியைக் கொடுக்கும்போது அதை நான்தான் சொன்னேன். சென்னியப்பன் மூடியைத் திறக்கவில்லை. போசியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“எப்பப் போறாங்களாம்?”

“வார வெள்ளி கழிச்சுங்கண்ணா.”

“சரி” என்றார். சாயங்காலம் நான் போசி வாங்கப் போனபோது சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கு அவர் கிளம்பியதை என் வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். கையில் கண்ணாடிச் சட்டம். தாலுகா ஆபீஸில் அதை மேசைமேல் வைத்து, லைசென்ஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாராம். இத்தனை வருசமாக ஒரு குறையும் இல்லாமல் நடத்திய கடை, யாராவது தொந்தரவு தருகிறார்களா, எதற்காக விடுகிறாய் என்று ஆபீஸில் கேட்டார்களாம். “ஊட்ல வெளக்கு வெக்கோணுங்க” என்றாராம். அவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

இரண்டொரு நாளில் வண்டி வந்து இருந்த சரக்கையும் பேரல்களையும் ஏற்றிக்கொண்டு போனது. எங்கள் கார்டுகளைப் பழையபடி புதுச்சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஊரே அவரைத் திட்டியது. இவ்வளவு நாள் இல்லாத பவுசு இப்போது எங்கிருந்து வந்தது என்றார்கள். அவர் காதில் அது ஒன்றும் விழவில்லை. முன்னறைத் தரையைக் கொத்தி எடுத்துப் புதுமண் போட்டு மெழுகினார். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். கொல்லைப்புறத்தில் களிமண் பிசைந்து தானே ஒரு அடுப்புப் போட்டார், இரண்டு கண் அடுப்பு. ஒரு கண் சற்றுக் கோணல். நொண்டிக் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு அவர் அதைத் தடவித் தடவி வழித்த அழகைப் பார்த்து எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“அம்முணி, நாளைக்கு எங்கூடத் தாம்பாளத் தட்டெடுத்துட்டு வருவீங்களா?” என்றார்.

“இத்தனை வருசம் இதுக்குத்தானுங்கண்ணா காத்துட்டு இருந்தேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். இதை அன்னிக்கே செஞ்சிருக்கக் கூடாதா?”

அவர் கையில் ஒட்டிய மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “வெளக்கு வெக்க முடியாத ஊட்டுக்கு ஒரு பொம்பளைய எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வான்னு கூப்படறது? அவளே வெளக்கு வெக்காத ஊட்டுல மனுசன் குடியிருப்பானான்னு கேட்டவ. கெடங்கு ஒண்ணு அமையட்டும், வெளிச்சமான ஊட்டுக்குக் கூப்புட்டுக்கலாம்னு இருந்துட்டேன்.”

இதை இவர் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் போசியோடு சேர்த்து அதையும் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேனே!

மறுநாள் காலையில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், மஞ்சள், ஒரு சேலை எல்லாம் வைத்து நான் தூக்கிக்கொண்டேன். அவர் சோப்புப் போட்டு இரண்டு தடவை குளித்திருந்தார். காக்கிச் சட்டை வேண்டாம் என்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பக்கத்து வீதிக்குப் போக அவருக்கு வெகுநேரம் பிடித்தது. கால் ஒரு காரணம். கால் மட்டும் காரணமில்லை.

மணியன் வீட்டு வாசலில் மூட்டைகள் கட்டிக் கிடந்தன. எங்களைக் கண்டதும் மணியன், “வாங்க மச்சான்” என்று கட்டிலைப் போட்டுவிட்டு, ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு வெளியே போய்விட்டார். நல்ல மனிதர். பாவாயி உள்ளேயிருந்து வந்தாள். தலை நரைத்திருந்தது. தினமும் பார்க்கிற எனக்கே அன்றுதான் அது தெரிந்தது. அவர் அவளை அத்தனை கிட்டத்தில் பார்த்து எத்தனை வருசம் ஆயிற்று!

சென்னியப்பன் உட்காரவில்லை. “பாவாயி, ஊட்டுக்கு வா” என்றார்.

சொல்லிவிட்டார். நான் தட்டை நீட்டினேன். அவள் கை நீளவில்லை.

“லைசென்ஸ எழுதிக் குடுத்துட்டேன். பேரலெல்லாம் போயிருச்சு. அடுப்புக்கூடப் போட்டிருக்கேன். இனி நீ எத்தன வெளக்கு வேணும்னாலும் வெச்சுக்கலாம்” என்று அவர் மளமளவென்று சொன்னார். இருட்டான வீட்டுக்குக் கூப்பிட வெட்கப்பட்டுத்தான் இத்தனை நாள் வரவில்லை என்றும் சொன்னார்.

பாவாயி எல்லாவற்றையும் கேட்டாள். கோபமாக இருந்திருந்தால் எனக்கு நம்பிக்கை இருந்திருக்கும். அவள் முகத்தில் கோபம் இல்லை.

“எனக்கு இருட்டு ஒண்ணும் பெருசில்லீங்க மாமா” என்றாள். “வெளக்க அணைச்சதுக்கப்பறந்தான நாம பேசிட்டுக் கெடப்போம்? அதுக்கு வெளக்கு எதுக்குங்க? அன்னிக்குப் பொழுதோட நீங்க பின்னாலயே வந்து, வெளக்கு இங்கயே இருக்கட்டும், நீ வான்னிருந்தா வந்திருப்பேன். நான் மட்டும் வந்திருப்பேன்.”

அவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ரா ராவா வாசக்கதவத் தாழ் போடாம படுத்திருந்தேன். ஒரு வருசமோ ரெண்டு வருசமோ. அப்பறம் பழகிப் போச்சுங்க. இப்ப அண்ணன் புள்ளைக்கு நான்தான் எல்லாம். நீங்க வேற ஊடாயிட்டீங்க, நான் வேற ஊடாயிட்டேன். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. எனக்கு உங்க மேல ஒரு வெறுப்பும் இல்லீங்க.”

வெறுப்பு இருந்திருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது. வெறுப்பு இருந்தால் சண்டை போடலாம், சண்டை போட்டால் சமாதானம் ஆகலாம். எனக்கு இரண்டு பேர்மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தட்டைப் பிடித்த கை கடுத்தது. கீழே வைக்கவும் முடியாது, அவள் வாங்காமல் வைத்தால் அபசகுனம். பிடித்துக்கொண்டே நின்றேன்.

சமையல்கட்டில் ஏதோ தாளிக்கும் வாசம் வந்தது. “இன்னைக்கு என்ன கொழம்பு?” என்று கேட்டார் சென்னியப்பன்.

“கொள்ளுப்பருப்புங்க.”

உள்ளே போனாள். கரண்டிச் சத்தம் கேட்டது. தூக்குப்போசியை நிறைத்து, மூடியை அழுத்தி மூடி, ஈரத்துணியால் துடைத்துக் கொண்டுவந்தாள். எப்போதும் என்னிடம்தான் தருவாள். அன்று அவர் கையில் கொடுத்தாள். போசி சூடாக இருந்திருக்க வேண்டும், அவர் இரண்டு கையாலும் வாங்கினார்.

“நீங்களே வந்துட்டீங்க, எடுத்துட்டுப் போயிருங்க” என்றாள். “சாப்பட்டுட்டுப் போசியத் திருப்பிக் குடுத்தனுப்ப வேண்டாமுங்க. உங்ககிட்டவே இருக்கட்டும்.”